உள்ளே போகாத கார்டு

கார்டு உள்ளே போகவில்லை. நீளம் சரி, உயரம் சரி, தடிமன் சரி. மூன்றையும் லாசர் மோத்தா தன் கையால் அளந்தார். அளந்து, சொல்லி, வாங்கி, மத்தியானச் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் கார்டு கம்ப்யூட்டர் பெட்டியின் வாயிலேயே நிற்கிறது. தலையைக் கொடுத்தால் வால் இடிக்கிறது. வாலைக் கொடுத்தால் தலை இடிக்கிறது. சாய்த்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். பெட்டியின் ஓரத் தகட்டை உள்பக்கமாக ஒரு விரல் அகலத்துக்கு மடித்து வைத்திருக்கிறான் எவனோ, அழகுக்கா பலத்துக்கா தெரியவில்லை, அந்த மடிப்பு விடமாட்டேன் என்கிறது. உள்ளே இடம் இருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. கார்டு காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு, அச்சு அசலாக, கண் முன்னால் இடம் கிடக்கிறது. அந்த இடத்துக்குப் போகிற வழிதான் இல்லை. வாசல். வாசலை அளக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தூத்துக்குடித் துறைமுகத்து யார்டில், கண்டெய்னருக்குச் சரக்கு ஏற்றுகிற சூப்பர்வைசராக நின்று, வெயிலில் தொண்டை கிழிய அவர் கத்தியதெல்லாம் இந்த ஒன்றைத்தான். "ஏல, உள்ள எவ்வளவு கிடக்குன்னு பாக்காத, வாசலை அளல!" கண்டெய்னருக்கு உள்ளே உயரம் கூடுதல், வாசலில் உயரம் குறைச்சல். புதிதாக வருகிறவன் அத்தனை பேரும் அங்கேதான் சறுக்குவான். அவர் சறுக்கியதில்லை. இன்றைக்குச் சறுக்கினார். அதுவும் சாப்பாட்டு மேசையில், இரண்டு பிரெட் பாக்கெட்டைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவே இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் பெட்டியிடம். நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை. பெண்டாட்டி செசிலி உள்ளறையில் படுத்திருக்கிறாள். யார்டில் இப்படி நடந்திருந்தால், இப்படி அளந்தவனை அவர் சும்மா விட்டிருப்பாரா? பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் போயிருப்பார். தன்னைத்தானே திட்டுவதற்கு அந்த வார்த்தைகள் வாய்க்கு வரமாட்டேன் என்கின்றன. பெட்டியைத் திட்டினார். பெட்டி செய்தவனைத் திட்டினார். பிறகு, வழக்கம்போல, டெரன்ஸைத் திட்டினார்.

பெட்டி டெரன்ஸ் கொண்டுவந்தது. மகன், ஒரே மகன், சென்னையில் இருக்கிறான். வந்தான், வாசலில் நின்ற ஸ்கூட்டரை எவனுக்கோ விற்றான், இந்தப் பெட்டியை மேசையில் வைத்தான், ரயிலேறினான். பல்லைப் பிடுங்கிவிட்டு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. "பப்பா, இதுல எங்ககூட முகம் பாத்துப் பேசலாம், படம் பாக்கலாம், வெளிய அலையாண்டாம்." அலைகிறாராம். நாய்தான் அலையும். அவர் மீன் வாங்கப் போவார், கோவிலுக்குப் போவார், யார்டு வாசலில் பழைய ஆட்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வருவார், அதற்குப் பெயர் அலைச்சல். டாக்டர் ஓட்டக்கூடாது என்றார். டாக்டர் சொல்லட்டும், அது அவர் பிழைப்பு. மகன் எப்படி விற்கலாம்? கேட்டானா? ஒரு வார்த்தை? கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்றால் கொடுத்திருக்க மாட்டார், அது வேறு. அன்றிலிருந்து டெரன்ஸ் போனில் வந்தால் "ம்" என்பார். அதற்கு மேல் இல்லை. சரி, வண்டி போனால் போகட்டும் என்று லாரி ஓட்டுகிற கேம் ஒன்றைப் பெட்டியில் போட்டார். மேசை விளிம்பில் இறுக்கி மாட்டுகிற ஸ்டியரிங் ஒன்றை வாங்கினார், காலுக்கு பெடல். எந்த நாட்டு ரோடோ, மலையும் பனியும் பாலமுமாகப் போகிறது. பெரிய ரோடு. ஆனால் பெட்டிக்கு அதை வரைய வலு இல்லை. விட்டு விட்டு வந்தது. மரம் எதிரே நின்றது, கண் சிமிட்டவில்லை அவர், சத்தியமாகச் சிமிட்டவில்லை, அடுத்தபடி மரம் பின்னால் இருந்தது. நடுவில் உள்ளது காணோம். நடுவில் என்ன நடந்தது, ரோடு எங்கே வளைந்தது, ஒன்றும் காணோம். பீச் ரோட்டில், அந்த வாதாமரத்துப் பக்கத்தில். வேண்டாம். அதை இப்போது எடுக்க வேண்டாம். கார்டைப் பார். கார்டில் இரண்டு ஃபேன், கறுப்பு, நல்ல கனம், கையில் வைத்தால் ஒரு வேலைக்காரனைப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கிறது. போக வேண்டியவன்தான். வாசல்தான் சரியில்லை.

கார்டு வாங்குவதற்கு முன்னால், ஒரே ஒருதடவை அந்த "ம்"மைத் தாண்டி, போனில் டெரன்ஸிடம் கேட்டார். கேட்டது தப்பு. "கிராபிக்ஸ் கார்டு போட்டா ரோடு சரியா வருமா?" "வரும் பப்பா, ஆனா அதுக்குள்ள கார்டு போகாது. அது சின்ன கேபினெட். விடுங்க." போகாது. யாரிடம் சொல்கிறான்? மருந்துக்குப் போகிற நிலாவாரை இலைப் பொதி, அமுக்கினால் மூச்சுவிடுகிற மாதிரி மறுபடி உப்பும், அதைக் கொண்டுபோய் அடுக்கிக் கதவைச் சாத்தியவர். தீப்பெட்டிப் பண்டல், நூல் கோன், கயிறு, கிரானைட் பலகை. ஒருதடவை ஒரு மில் மெஷின் வந்தது, கட்டையெல்லாம் அடித்து வீடு மாதிரி. கம்பெனிக்காரன் கோட்டு போட்டுக்கொண்டு வந்து "போகாது" என்றான். போய்விட்டது. "ஓய் மோத்தா, உம்ம கையில ஆனையக் குடுத்தாலும் அடுக்கிருவீரு வே" என்பான் கிரேன் ஓட்டுகிற பாக்கியம். அந்தக் கையிடம் "விடுங்க" என்கிறான், தன் பிள்ளை. விடுவாரா. மறுநாளே டேப்பை எடுத்துப் பெட்டியின் வயிற்றை அளந்துகொண்டு ஆட்டோ பிடித்து இசக்கிராஜ் கடைக்குப் போனார். பாளையங்கோட்டை ரோட்டில் சின்னக் கடை. இசக்கிராஜ் நல்ல மனுஷன், வாய்தான் கூடுதல். "பெட்டியக் கொண்டுட்டு வந்திருக்கலாமே அண்ணாச்சி." "அளவு இருக்கு. பெட்டி எதுக்கு?" "இல்ல, வச்சுப் பாத்துரலாம்லா." "ஏன், அளக்கத் தெரியாதவனா நான்?" இசக்கிராஜ் கார்டுகளை எடுத்து வரிசையாக வைத்தான். மூன்று ஃபேன் வைத்து முழங்கை நீளத்தில் ஒன்று. அது போகாது, அது அவருக்கே தெரியும். பாதி உயரத்தில் தட்டையாக, கருவாடு மாதிரி ஒன்று. அதில் வலு இல்லை என்று அவனே சொன்னான். பிறகு குட்டையாக, ஒரே ஃபேன் வைத்து, சோப்பு டப்பாவுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. "அண்ணாச்சி, லாரி ஓட்டத்தானே. இது தாராளம். ஜம்முன்னு உக்காந்துக்கிடும்." அவர் அதைக் கையால் தொடவில்லை. குட்டை. உள்ளே பாதி இடம் காலியாகக் கிடக்கும். காலி இடம் விட்டுச் சரக்கு ஏற்றுகிறவன் மனுஷனா? ஒரு சாண் இடம் விட்டால் போதும், கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் சரக்கு அந்த ஒரு சாணில் ஓடி ஓடி மோதி, அங்கே போய்க் கதவைத் திறந்தால் தூள். இறுக்கமாக வை, விரல் நுழையாமல் வை, அதுதான் அவர் படித்த ஒரே படிப்பு. "அந்த ரெண்டு ஃபேன் உள்ளதை எடு." "அண்ணாச்சி, அது அளவுக்கு அளவா இருக்கு, காத்து போக இடம் வேணும்." "காத்து எங்கன வேணும்னாலும் போகும். இடம் விட்டா ஆடும். கட்டு." இசக்கிராஜ் கட்டினான். கட்டும்போது ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வை இப்போது மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

குறடை எடுத்தார். மடிப்புதானே, நெளித்துவிட்டால் தீர்ந்தது. உள்ளறைக் கதவு திறந்தது, செசிலி வந்தாள், முடியை முடிந்துகொண்டே. இடது மணிக்கட்டு முழுசாக வளையாது, அதனால் கொண்டையை வலது கையாலேயே சுற்றுவாள், இடது கை சும்மா தாங்கிக்கொண்டிருக்கும். அவர் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டார். "போகலையா?" என்றாள். "போகும்." "எப்ப?" "ஏளா, போய்ப் படு." அவள் படுக்கவில்லை, டீ போட்டாள். டம்ளரை வைக்க மேசையில் இடம் தேடினாள், ஸ்டியரிங்கைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்தாள். "சாப்பிடுத மேசையில ஸ்டியரிங்கு. நாளைக்கு மோட்ச வாசல்ல சாவியோட நிக்க ராயப்பர் கேக்கப் போறாரு, ஏம்மா செசிலி, உன் வீட்டுல பஸ்ஸு ஓடுச்சாமே, டிக்கெட் எங்கன்னு." அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. குறடைத் தகட்டில் வைத்தார். குறடு வழுக்கி உள்ளே போர்டுப் பக்கம் போய் நின்றது. "வைங்க அதை" என்றாள். "நெளிச்சா போயிரும்." "நெளிச்சா பெட்டி போயிரும்." "போகட்டும், உன் மவன் பெட்டிதானே. ஸ்கூட்டரை வித்தவனுக்குப் பெட்டி மேல என்ன அக்கறை?" செசிலி டீயை ஒரு வாய் குடித்தாள், தன்னுடையதை இல்லை, அவருடையதை. பிறகு சொன்னாள். "வண்டிய அவன் விக்கல." "பின்ன ராயப்பரா வித்தாரு?" "நான் விக்கச் சொன்னேன். அவன் மாட்டேன்னான். பப்பாவுக்கு மனசு விட்டுப்போயிரும் மம்மி, சாவிய மட்டும் ஒளிச்சு வைப்போம்னான். நான்தான் வித்துட்டு ரயிலேறுன்னு நின்னேன்." அவர் குறடைப் பிடித்தபடி இருந்தார். "என்னத்துக்குச் சொல்லல?" "நீங்க எங்க கேட்டீக? அவனைத் திட்டுததுக்குத்தான் வாய் இருந்துச்சு. நாளும் பொழுதும் பிள்ளை வாங்கிக்கிட்டே கெடக்கான். இனிமே என்னையத் திட்டுங்க." சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். கார்டையும் எடுத்தாள், ஒயர் கூடையில் இரண்டையும் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டாள், மீன் வாங்கப் போகிறவள் மாதிரி. "ஏய், அதை எங்க தூக்குத?" "இசக்கிராஜ் கடைக்கு." "எதுக்கு?" கதவு சாத்தியாகிவிட்டது. ஆட்டோவைக் கூப்பிடுகிற அவள் சத்தம் தெருவில் கேட்டது, அவருக்கு யார்டில் இருந்த தொண்டை இவளுக்கு எப்போது வந்தது?

மேசை காலியாக இருந்தது. ஸ்டியரிங் மட்டும், இருண்ட திரைக்கு முன்னால். திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறாள். வேறு எதற்குப் போவாள்? வண்டியை விற்றவள் கார்டை விடுவாளா? விற்றவள் அவள். டெரன்ஸ் இல்லை. இந்த நினைப்பை வைக்க உள்ளே இடம் போதவில்லை, ஏற்கனவே அங்கே டெரன்ஸை இறுக்கமாக அடுக்கி வைத்திருந்தார், விரல் நுழையாமல். அவனை இறக்கினால்தான் இவளை ஏற்ற முடியும். இவளைத் திட்டலாம் என்று பார்த்தால், திட்டு வாசலிலேயே நிற்கிறது. ஏனென்றால் வாதாமரம். சரி, எடு, அதையும் எடுத்துத்தான் பாரேன். பீச் ரோடு, சாயங்காலம், உப்புக்காற்று, பின்னால் அவள், கோவிலுக்குப் போய்விட்டு வருகிறார்கள். வாதாமரம் எதிரே இருந்தது. அடுத்தபடி அவர் தரையில் இருந்தார், மரம் பின்னால் இருந்தது. நடுவில் உள்ளது காணோம். தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது, அவள் சொன்னாள். "பிரேக்கப் பிடிங்க, பிரேக்கப் பிடிங்கன்னு கத்துதேன், நீங்க பாட்டுக்குப் போறீக" என்று ரோட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். ஒரு கையை இன்னொரு கையால், யாரோ கொடுத்துவிட்டுப் போன பிள்ளையைப் பிடித்திருக்கிற மாதிரி, பிடித்துக்கொண்டு. பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டாளாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் வராத பேரை, நடுரோட்டில், லாசர், லாசர் என்று. அது அவர் காதில் விழவில்லை. ஆயுசுக்கு ஒருதடவை கூப்பிட்டாள், அப்போது அவர் ஆள் இல்லை. எங்கே போயிருந்தார்? டாக்டர் ஒரு பெயர் சொன்னார், படம் எடுத்தார், மாத்திரை கொடுத்தார். எங்கே போயிருந்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கு மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். தகடு. எல்லாம் தகடுதான். அந்த ரோடு விட்டு விட்டு வரும்போது அவர் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். கேமுக்காக இல்லை. படம் நின்றால், நின்றது கம்ப்யூட்டரா தானா என்று தெரியவில்லை. கையை முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கை ஆடினால் சரி, இருக்கிறேன், நின்றது பெட்டிதான். இதை எவனிடம் போய்ச் சொல்ல? டெரன்ஸிடமா? இசக்கிராஜிடமா? "எப்பா, நடுவுல ஒண்ணும் காணாமப் போகாத ரோடு ஒண்ணு வேணும், அதுக்கு எந்த கார்டு?" என்றா? முழுசாக வருகிற ஒரு ரோட்டில், ஒரு வளைவுகூட விடாமல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஓட்டிவிட்டால் தெரிந்துவிடும், நடுவில் தான் எங்கும் போய்விடவில்லை என்று. மாத்திரையோ டாக்டரோ யார் சொன்னாலும் நம்பாத ஒன்றை அவர் கண்ணே சொல்லிவிடும்.

அதைத்தான் கூடையில் போட்டுத் துண்டால் மூடிக் கொண்டு போய்விட்டாள். டீ ஆறிவிட்டது, குடித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார், விட்டார். எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஆட்டோ வந்தது, வேறு யாருக்கோ. பின்னாலேயே போய்விடலாமா? போய் என்ன சொல்ல? கடையில், இசக்கிராஜ் பார்க்க, பெண்டாட்டியோடு இழுத்துக்கொண்டு நிற்கவா? நிற்பார். வெட்கமா? கோட்டுப் போட்ட கம்பெனிக்காரனோடு கப்பல் கிளம்புகிற நேரத்தில் மல்லுக்கு நின்றவர். அவள் வெறுங்கூடையோடு வரட்டும். வந்தால் நாளைக்கு மறுபடி போவார். அதையும் அவள் திருப்பிக் கொடுத்தால் மறுநாளும் போவார். இசக்கிராஜுக்குக் கால் வலிக்கட்டும். ஓட்டுவேன். சாகிறவரைக்கும் எதையாவது ஓட்டுவேன், மேசையை ஓட்டுவேன், கட்டிலை ஓட்டுவேன், பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்தாலும் ஓட்டுவேன். அடுக்குகிறவனை அடுக்கிவிட முடியாது. நீ படு, நீ உட்கார், நீ அலையாதே, நீ விடு. எவ்வளவு இறுக்கமாக அடுக்கப் பார்க்கிறார்கள், மூச்சு விட ஒரு சாண் இடம் கூட இல்லாமல். இந்த நினைப்பு வந்ததும் அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. காத்து போக இடம் வேணும் அண்ணாச்சி. சே. இசக்கிராஜ் குரல். போடா. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? வலது கையில் கூடை, இடது கையால் ஆட்டோக் கம்பியைப் பிடிக்க முடியாது. வளைவில் என்ன செய்வாள்? இதை அவர் நினைத்திருக்க வேண்டியது அவள் கதவைச் சாத்துவதற்கு முன்னால். இப்போதுதான் நினைக்கிறார். எப்போதும் மரம் பின்னால் போன பிறகுதான்.

ஆட்டோ வந்தது. அவள்தான். கூடை கனமாகத்தான் இருந்தது. அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார், ஜன்னலில் நின்றதே இல்லை என்பது மாதிரி. "குடுத்துட்டியா?" "குடுத்துட்டேன்" என்றாள் செசிலி, துண்டை எடுத்தாள். பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி, புதிது. அதற்குள் அந்தக் குட்டை, ஒரே ஃபேன், சோப்பு டப்பா. அவர் பார்த்தார். "இதுவா?" "இதான்." "பாதி இடம் காலியாக் கெடக்கும்." "கெடக்கட்டும்." "ஆடும்." "ஸ்குரூ என்னத்துக்கு இருக்கு?" "இதுல ரோடு வராது." "வருது. கடையில போட்டுக் காட்டச் சொன்னேன்." "யாரு ஓட்டுனா?" "நான்தான்." அவர் தலையை நிமிர்த்தினார். "நீயா?" "ரெண்டு லாரிய இடிச்சேன். ஒரு போலீஸ்காரன் வேற வந்தான். இசக்கிராஜு, அக்கா பிரேக்கு, அக்கா பிரேக்குன்னு கெடந்து துடிக்காரு. ஆனா ரோடு நிக்கல. விட்டு விட்டு வரல. நல்லாப் பாத்துட்டுத்தான் வாங்குனேன்." "விட்டு விட்டு வருதுன்னு உன்கிட்ட யாரு சொன்னா?" செசிலி கூடையை மடக்கினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "படம் நிக்கும்போதெல்லாம் மூஞ்சிக்கு முன்னால கைய ஆட்டிப் பாக்கீகளே. பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்." அவருக்குச் சொல்ல இருந்தது, நிறைய இருந்தது, அதில் ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை. அட்டைப்பெட்டியைப் பார்த்து, "குட்டையா இருக்கு" என்றார். "நானும் குட்டைதான்" என்றாள்.

இசக்கிராஜ் போட்டே தருகிறேன் என்றானாம். வேண்டாம், காட்டிக் கொடுங்க, வீட்டில் போட்டுக்கொள்கிறேன் என்று வந்திருக்கிறாள். காட்டியதை ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள். அவர் கார்டை வாங்கிப் பிடித்தார். பெட்டியின் வாயில் வைத்தார். மடிப்பு கார்டைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் காற்று. அவருக்கு ஆத்திரமாக வந்தது, இவ்வளவு லேசாகப் போகிற ஒன்று சரக்கா? ஸ்லாட்டில் வைத்து அமுக்க வேண்டும், அமுக்கினார், கார்டு கோணலாக நின்றது. மறுபடி. மறுபடி கோணல். ஸ்குரூ கையிலிருந்து விழுந்து மேசைக்கு அடியில் ஓடியது. "நானே எடுப்பேன்" என்று குனிந்தார், தலை சுற்றியது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சுற்றல்தான், வேறொன்றுமில்லை, இருக்கிறார். அவள் "தள்ளுங்க" என்றாள். தள்ளினார். வளையாத மணிக்கட்டைப் பெட்டியின் விளிம்பில் முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டாள். நல்ல முட்டு, யார்டில் சரக்குக்குக் கட்டை கொடுக்கிற மாதிரி. வலது கையால் அமுக்கினாள். டக். ஒரு சத்தம்தான். ஸ்குரூவைத் தேடி எடுத்துத் திருகினாள், மூடியைப் போட்டாள். "இதுல பின்சீட்டு உண்டா?" என்றாள். "லாரியில எங்கடி பின்சீட்டு?" "அப்ப பயமில்ல. ஓட்டுங்க." திரை வெளிச்சமாயிற்று. ரோடு வந்தது. அவர் கால் பெடலைத் தேடியது, முதுகு நிமிர்ந்தது, எவனும் வந்து இறக்கிவிட முடியாத இடத்தில் உட்கார்ந்துவிட்டவர் மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நாளைக்கு டெரன்ஸ் கேட்பான், அவனிடம் இனிமேல் "ம்" மட்டும் சொல்ல முடியாது, எப்படி பப்பா உள்ளே போச்சு என்பான். பாக்கியம் கேட்பான். இசக்கிராஜ் தெரிந்துகொண்டே கேட்பான். தானே அளந்து, தானே தேர்ந்தெடுத்து, தானே போட்டதாகத்தான் லாசர் மோத்தா சொல்வார், அடித்துச் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும். போட்டது செசிலி.